என் பசிக்குச் சாட்சி கேட்டவர்கள்

“உங்களுக்கு வர்றது பசியே இல்லக்கா. அது வெறும் மனசு.”

அவள் இப்படிச் சொன்னபோது அந்தக் கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. வயிறு என்னுடையது. அதில் வருவது பசியா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னவள் என் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரி. அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

நான் குண்டான பெண். ‘கொஞ்சம் பூசினாற்போல’, ‘நல்ல உடம்பு’ என்றெல்லாம் என் காதுபடச் சொல்வார்கள். நான் அந்த ஒற்றைச் சொல்லையே சொல்லிவிடுகிறேன். அப்பா சுரங்க வேலைக்கு வந்ததால் நெய்வேலியில் பிறந்தேன், அங்கேயே படித்தேன், கல்யாணமாகி அதே டவுன்ஷிப்பில் இன்னொரு பிளாக்குக்குக் குடிபோனேன். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் ‘பக்கெட் வீல்’. சுரங்கத்தில் மண்ணை வாரிக் கொட்டுகிற ராட்சத இயந்திரத்தின் பெயர் அது. அந்தப் பெயரை வைத்தவர்களின் அப்பாக்களும் என் அப்பாவும் ஒரே ஷிப்ட் பஸ்ஸில் போய் வந்தவர்கள். ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றைத் தின்று வளர்ந்த என் தங்கை இன்றைக்கும் ஒல்லி. அவள் இன்னொரு கரண்டி கேட்டால் அம்மாவுக்குச் சந்தோஷம். நான் கேட்டால் கரண்டி பாதியில் நிற்கும்.

இப்போது டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூட்டு வலி வந்தது. மாடிப்படி ஏறினால் வலது முட்டியில் யாரோ ஆணி அடிப்பது மாதிரி இருக்கும். மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “வெயிட்டக் குறைங்க. வாயக் கட்டுங்க” என்றார். முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது வலியோடு அவமானமும் சேர்ந்து நடந்தது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலா மரம். அதன் காயை யார் பறிப்பது என்பதில் கூட எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஊரும் புரியாமல், பேச ஆளும் இல்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தவளை நான்தான் மெயின் பஜாருக்கும் மந்தாரக்குப்பத்துக்கும் கூட்டிப்போய்ப் பழக்கினேன். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கும் உடம்பு வைத்துவிட்டது. புருஷன் ஏதோ சொல்லியிருக்கிறான். பல மாதம் வெளியிலேயே வரவில்லை. பிறகு யாரோ சொன்னார்கள் என்று ஒரு பவுடரைக் குடிக்கத் தொடங்கினாள். இளைத்தாள். இளைத்த கையோடு அவளே அந்தப் பவுடரை விற்பவளாகவும் ஆனாள். காலை நேரத்தில் அவள் வீட்டுக் கூடத்தில் பெண்கள் கூடுவார்கள். எடை பார்ப்பார்கள், பவுடரைக் கலக்கிக் குடிப்பார்கள், யாருக்குக் குறைந்ததோ அவருக்குக் கைதட்டுவார்கள். எல்லோரும் அவளைக் கோச் என்று கூப்பிட்டார்கள்.

“அக்கா, நீங்க ஒண்ணும் பட்டினி கிடக்க வேண்டாம். இந்த மாத்திரையச் சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டு நிறையத் தண்ணி குடிங்க. உள்ள போய் உப்பிக்கும். வயிறு ரொம்பிடும். பசியே தெரியாது” என்றாள்.

ஏதோ ஒரு கிழங்கின் நார் என்றாள். அதோடு பச்சையாக ஒரு டீத்தூள். அதுவும் பசியை அடக்குமாம். எனக்கு அவளைப் பிடிக்கும். முட்டி வலியும் நிற்க வேண்டும். வாங்கிக்கொண்டேன்.

முதல் சில நாட்கள் நிஜமாகவே வித்தியாசம் தெரிந்தது போலிருந்தது. மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்தால் வயிறு கெட்டியாகும். இரண்டு இட்லியோடு எழுந்தேன். கூட்டத்தில் அதைச் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். கோச் செல்போன் கேமராவை நீட்டி, “அக்கா, இதையே இன்னொரு தடவ சிரிச்சுக்கிட்டுச் சொல்லுங்க” என்றாள். நானும் சிரித்துக்கொண்டு, “எனக்கு இப்பப் பசியே எடுக்கறதில்ல” என்று சொன்னேன். பிறந்ததிலிருந்து என் உடம்புக்காக யாரும் கைதட்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் என்னென்னவோ சொல்லியிருப்பேன்.

பிறகு பசி வந்தது. வந்தது என்பதைவிட, ஊருக்குப் போயிருந்தவர் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்து கதவைத் தட்டியது மாதிரி என்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் முன்பகல் இடைவேளை மணி அடிக்கும்போது கை லேசாக நடுங்கும். டைப் அடிக்கிற எழுத்து கண்ணில் ஓடும். ஆனால் வயிறு நிரம்பித்தான் இருந்தது. இதை நான் எப்படி விளக்குவேன்? மாத்திரை உப்பி, காற்று கட்டி, புடவைக் கொசுவம் இறுகும் அளவுக்கு வயிறு புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்கு மேலே, நெஞ்சுக்குழியிலோ தொண்டையிலோ தலையிலோ, சொல்லத் தெரியாத ஓர் இடத்தில் பசி அப்படியே உட்கார்ந்திருக்கும். வயிறு நிறைவதும் பசி தீர்வதும் இரண்டு வேறு காரியங்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கோச்சிடம் சொன்னேன். முதலில், “தண்ணி பத்தலக்கா” என்றாள். செம்பு செம்பாகக் குடித்தேன். அலுவலகத்தில் பாதி நேரம் கழிப்பறைக்கு நடந்தேன். பசி போகவில்லை. அடுத்து, “மாத்திரையக் கூட்டிப் பாக்கலாம்” என்றாள். கூட்டினேன். வயிற்று வலிதான் கூடியது. அதற்கடுத்து ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் எடை பார்க்கும் இயந்திரத்தில் என்னை நிறுத்தினாள். எண் இறங்கவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

“நேத்து என்ன சாப்ட்டீங்க? உண்மையச் சொல்லுங்கக்கா.”

“காலைல ரெண்டு இட்லி. மதியம் கொஞ்சமா சோறு. நாலு மணிக்குத் தாங்க முடியாமப் பசிச்சுது. ஆபீஸ்ல ஒரு பப்ஸ் சாப்ட்டேன்.”

கூடத்தில் சிரிப்பு. ‘ஆ, பப்ஸ்’ என்று யாரோ இழுத்தார்கள். கோச் சிரிக்கவில்லை. பரிதாபமாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையோடுதான் அதைச் சொன்னாள்: எனக்கு வருவது பசியே இல்லை, மனசு என்று.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதேன். என் கணவர் முதல் ஷிப்ட் முடித்து வந்தார். கம்மாபுரம் பக்கத்துக்காரர். நிலம் சுரங்கத்துக்குப் போனதில் கிடைத்த வேலை அவருடையது. மண்ணும் நிலக்கரியும் ஓடுகிற பெல்ட் பிரிவில் நடந்து நடந்து முறுக்கிய கயிறு மாதிரி ஆன உடம்பு. எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டாது.

“என்னாத்துக்கு அழுவுற?”

சொன்னேன். அலமாரியிலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்படி என்னாதான் இதுல வச்சிகினு இருக்காங்கன்னு நானும் தின்னு பாக்கறேன்” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து எனக்குச் சொன்ன அதே முறையில், அதே அளவு தண்ணீரோடு, மாத்திரையும் டீயும் எடுத்துக்கொண்டார். வேலைக்குப் போகும்போதும் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். அந்த வாரம் முழுக்க வீட்டில் எரிந்து விழுந்தார். ஒரு நாள் வந்ததும் வராததுமாக, “ஏம்மா, இது வயித்த உப்பி வச்சிருக்குது, பசி மட்டும் அப்படியே இருக்குது. கேன்டீன்ல ரெண்டு சாப்பாடு வாங்கித் தின்னுகினு இருந்தேன், பசங்க எல்லாம் சிரிக்கிறானுங்க” என்றார். நான் பட்ட அதே பாட்டை அதே வார்த்தைகளில் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த உலகத்தில் இன்னொரு வயிறு என் வயிற்றுக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவரே, “வா, நான் வந்து சொல்றேன்” என்று என்னோடு கிளம்பினார். அன்றைக்குக் கணவன்மார்களும் வரலாம் என்று கோச் சொல்லியிருந்ததால் கூடத்தில் சில ஆண்களும் இருந்தார்கள். இவர் கூச்சப்பட்டுக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

கோச் உடனே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“ஐயோ அண்ணே, நீங்க ஏன் இதச் சாப்ட்டீங்க? மைன்ஸ்ல அந்த வெயில்ல நிக்கிற உடம்பு. உங்களுக்கு வர்றது நிஜமான பசிண்ணே. நீங்க நல்லாச் சாப்பிடணும்.”

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒரு பெண்மணி அவருக்குச் சுண்டல் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் வாயில்லாப் பூச்சி என்று பெயர் எடுத்தவள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் கத்தினால்கூடப் பதில் பேச மாட்டேன். அன்றைக்கு எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்தவில்லை.

“ஒரே டப்பா. ஒரே மாத்திரை. ஒரே மாதிரி பசிக்குதுன்னு ரெண்டு பேரும் சொல்றோம். அவர் சொன்னா நிஜமான பசி. நான் சொன்னா மனசா? அவர் ரெண்டு சாப்பாடு சாப்ட்டார்னு சொன்னாரு, நீ சுண்டல் குடுக்கற. நான் ஒரு பப்ஸ் சாப்ட்டேன்னு சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சீங்க. அவர் வயித்துல என்ன, பத்திரம் எழுதி ஒட்டியிருக்கா?”

“அக்கா, கோவப்படாதீங்க. உங்க நல்லதுக்குத்தானே…”

“என் நல்லதுக்குன்னா என்னை நம்பு. முதல்ல என்னை நம்பு. மாத்திரை வேலை செய்யலன்னா மாத்திரை வேலை செய்யலன்னு சொல்லு. என்னைப் பொய்க்காரி ஆக்காத.”

கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மெதுவாகப் பேசினாள். மந்தாரக்குப்பத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள். என்னைவிடப் பெரிய உடம்பு.

“எனக்கும் பசிக்குதுங்க. சொன்னா இவங்க என்ன நினைப்பாங்களோன்னு சொல்லாம இருந்துகினு இருந்தேன். காலைல இட்லி அவிக்கறப்பக் கண்ணு இருட்டுது. ஒரு இட்லி பிட்டு வாயில போட்டுட்டு, யாரோ பாத்துட்ட மாதிரி பயந்துக்கறேன். எங்க கடை இட்லிக்கே நான் திருடி மாதிரி ஆயிட்டங்க.”

யாரும் சிரிக்கவில்லை. இன்னொருத்தி தனக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றாள். ஒருத்தி மட்டும் தனக்கு நன்றாக வேலை செய்கிறது, பசி குறைந்திருக்கிறது என்றாள். இருக்கலாம். அவள் வயிற்றை அவள் சொன்னால் நான் நம்புகிறேன். எனக்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான்.

கோச்சின் கண் கலங்கிவிட்டது. “எல்லாரும் சேர்ந்து என் பொழப்புல மண்ணைப் போடுங்க” என்று உள்ளே போய்விட்டாள். நாங்கள் இருவரும் வீட்டுக்கு வந்தோம். அவள் வீட்டு ஜன்னல் அன்றைக்கு முழுதும் சாத்தியே இருந்தது.

முட்டி வலி மறுபடி மருத்துவமனைக்குத் துரத்தியது. இந்த முறை வேறு டாக்டர், இளம் பெண். முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தாள். நான் கைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். “இது பசியை அடக்குமா மேடம்?” என்று கேட்டேன். கேட்கும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

அவள் டப்பாவின் பின்பக்கத்தைப் பொறுமையாகப் படித்தாள்.

“இந்த நாரு சில பேருக்குக் கொஞ்ச நேரம் வயிறு கனமா இருக்கற மாதிரி காட்டும். பசி அடங்கும், எடை குறையும்னு நம்பிச் சொல்ற அளவுக்கு எதுவும் இல்லங்க. தண்ணி சரியா குடிக்காம முழுங்கினா தொண்டைல அடைச்சுக்கவும் செய்யும். உடம்புல கொஞ்சம் எடை இறங்கினாலே உடம்பு பதறிப்போய்ப் பசியை ஏத்திவிடும். அது நீங்க பண்ற தப்பு இல்ல. உடம்பு அப்படித்தான்.”

அவள் நல்ல விதமாகத்தான் சொன்னாள். ஆறுதலுக்குச் சொன்னாள். எனக்கு ஆறுதல் வரவில்லை, கோபம் வந்தது.

“இது டாக்டருங்க எல்லாருக்கும் தெரியுமா?”

“தெரியும். படிக்கறதுதான்.”

“அப்ப ஏன் மேடம் யாருமே சொல்லல? ரெண்டு வருஷம் முன்ன இதே பில்டிங்ல வாயக் கட்டுன்னு சொன்னாங்க. சின்ன வயசுலேருந்து அதத்தான் சொல்றாங்க. நான் வாய் அடங்காதவன்னே நம்பிட்டேன்.”

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். வெளியே ஆள் வரிசை நீண்டிருந்தது. முட்டிக்குச் செய்ய வேண்டிய பயிற்சிகளை ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். பசியைப் பற்றிப் பேச, மருந்து வேண்டுமா என்று முடிவு செய்ய, ஒரு நாள் தனியாக நேரம் ஒதுக்கி வரச் சொன்னாள். போனேன். இப்போதும் போய்வருகிறேன். முட்டி வலி பாதி குறைந்திருக்கிறது. எடை கொஞ்சம் இறங்கும், கொஞ்சம் ஏறும். அதை நான் யாருக்கும் அறிவிப்பதில்லை.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் தன் போனைக் காட்டி, “இது நீங்கதானே?” என்று கேட்டாள். அதே வீடியோ. ‘எனக்கு இப்பப் பசியே எடுக்கறதில்ல’ என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வேறு யாரோ ஓர் ஒல்லிப் பெண்ணின் படத்தை, இளைத்த பிறகு நான் அப்படி ஆகிவிட்டேன் என்பது போல, என் முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அன்று மதியமே கோச் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவள் பயந்துதான் போனாள்.

“அழி” என்றேன்.

“நான் ஒட்டலக்கா. பவுடர் கம்பெனில மேல உள்ளவங்க பண்றது. எனக்கே அப்புறந்தான் தெரியும்.”

“உன் போன்ல இருக்கறத என் கண் முன்னாடி அழி. மேல உள்ளவங்களுக்கும் சொல்லு. இல்லன்னா நான் எங்க போயிச் சொல்லணுமோ அங்க போயிச் சொல்றேன்.”

அழித்தாள். குழுவில் ஒரு செய்தியும் போட்டாள், நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். திரும்பும்போது கையைப் பிடித்தாள்.

“அக்கா, நான் நிறுத்திட்டா எனக்குத் திரும்ப ஏறிடும்க்கா. ஏறினா அவர் பழையபடி பேச ஆரம்பிச்சிருவாரு. எனக்குப் பசிக்கலன்னா நெனைக்கிறீங்க?”

நான் அங்கேயே நின்றேன். அவள் தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. பேச வேண்டியவை நிறைய இருந்தன. எனக்கு அவள் மேல் இருந்த கோபமும் போகவில்லை, அவளைத் திட்டவும் வாய் வரவில்லை. “பசிச்சா வா, என் வீட்டுல சாப்பிடு” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை வரவில்லை. கூட்டம் நடக்கிறது, ஆள் குறைவு. இட்லிக் கடைக்காரி போவதில்லை. அவளோடு எனக்கு இப்போது நல்ல பழக்கம். நாங்கள் சாப்பாட்டைப் பற்றி வெட்கமில்லாமல் பேசிக்கொள்கிறோம்.

போன மாதம் கம்மாபுரம் பக்கத்தில் என் கணவரின் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் என் பக்கத்தில் அவர், எதிரில் அவர் அக்கா. அவருடைய சித்தப்பா மகன், ஐம்பதைத் தாண்டியவர், சோற்றுக் கூடையோடு வந்தார். என் கணவர் இலையில் கேட்காமலேயே இரண்டாம் முறை சோறு விழுந்தது. என் இலை காலியாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், தாண்டிப் போனார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

“மச்சான், இங்க சோறு வைங்க” என்றேன்.

எதிரிலிருந்த நாத்தனார், “எதுக்கும்மா, ஒடம்பப் பாத்துக்க வேணாமா?” என்றாள்.

“பசிக்குதுங்க” என்றேன். பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

சித்தப்பா மகன் திரும்பி வந்தார். ஒரு கரண்டி வைத்துவிட்டுத் தயங்கினார். இன்னொன்று என்று கை காட்டினேன். வைத்தார். ரசத்துக்காகச் சோற்றின் நடுவில் குழி பறித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்தேன்.